தட்டிவிட்டால் போகாத பூசணம்: வாசகர் கேள்வி – பதில்

பூசணம் பிடித்த தீவனம் கறவை மாட்டை என்ன செய்யும் என்பதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில்கள்.

கேள்வி: கடலைப் புண்ணாக்கு மூட்டையில் ஓர் ஓரம் மட்டும் பச்சையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. அந்த இடத்தை உடைத்து எறிந்துவிட்டு, மீதியை வெயிலில் காயப்போட்டுக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். பூசணம் வேறு, அது விட்டுப்போகும் நச்சு வேறு. வெயிலில் போட்டால் பூசணம் காய்ந்து உதிரும், முடை நாற்றமும் குறையும். நச்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை மூன்றிலும் முதல் எதிரி அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பி1 சிதைய வேண்டுமானால் 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். வெந்நீரில் ஊறவைத்தாலும் கஞ்சியாகக் காய்ச்சினாலும் அது அசையாது. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் கொஞ்சம் சிதைக்கும். புண்ணாக்குக் கட்டியின் உள்ளே போகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பச்சையாகத் தெரிவதெல்லாம் நச்சு என்று சொல்ல முடியாது. பளிச்சென்று இருப்பதெல்லாம் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. கடலை செடியில் இருக்கும்போதோ, பறித்துக் காயவைக்கும்போதோ பூசணம் பிடித்திருக்கலாம். ஆட்டும்போது அந்தப் பூசணம் செத்துப்போகும். நச்சில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். பார்க்க நல்ல புண்ணாக்காக இருந்தும் பரிசோதனையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, காரணம் தீவனத்தில் கலந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கு என்று தெரிந்தது. இந்த நச்சை அடையாளம் கண்டதே அந்தச் சாவுகளைத் துருவியபோதுதான்.

மூட்டையை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். ‘மாட்டுக்கு ஆகாவிட்டால் கோழிக்குப் போடலாம்’ என்று நினைப்பது பெரிய தவறு. கோழியும் வாத்தும் இந்த நச்சுக்கு எளிதில் பலியாகும். வாத்துக் குஞ்சு மிகவும் மோசம். நல்ல தீவனத்தோடு கலந்து ‘நீர்த்துப்போக’ வைப்பதும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதைச் சட்டமே தடுக்கிறது. குழி தோண்டிப் புதையுங்கள். மூட்டையைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி மனித நுரையீரலுக்கும் கேடு.

கேள்வி: மாடு நன்றாகத் தின்கிறது, பாலும் குறையவில்லை. ஆனால் பாலில் அஃப்ளாடாக்சின் இருப்பதாகச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். நோயே இல்லாத மாட்டின் பாலில் நச்சு எப்படி வரும்?

பதில்: மாடு நோய் காட்டுவதற்கு வெகு முன்பே பால் காட்டிக்கொடுத்துவிடும். தின்ற பி1-ஐ மாட்டின் கல்லீரல் எம்1 என்ற வேறொரு வடிவமாக மாற்றுகிறது. அதில் ஒரு பங்கு பாலில் இறங்குகிறது. கெட்ட தீவனம் தின்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பாலில் தெரியும். தின்ற பி1-ல் சுமார் 1 முதல் 3 சதவீதம் வரை எம்1 ஆகப் பாலுக்கு வரும். அதிகம் கறக்கும் மாட்டில் இது 6 சதவீதம் வரைகூடப் போகலாம். மடிநோய் இருந்தால் இன்னும் கூடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு பிபிபி என்றால் ஒரு கிலோவில் ஒரு மைக்ரோகிராம். 50 பிபிபி நச்சு உள்ள அடர்தீவனத்தை நாளைக்கு 6 கிலோ போடுகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே போவது 300 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம், அதாவது 6 மைக்ரோகிராம் பாலுக்கு வருகிறது. மாடு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.6. உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் பாலுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய வரம்பு அதில் பத்தில் ஒரு பங்கு, 0.05. அதே 6 கிலோவில் நச்சு 20 பிபிபி மட்டும் இருந்தால் லிட்டருக்கு 0.24 வரும். 0.5 வரம்பில் தப்பிக்கும், ஐரோப்பிய வரம்பில் தப்பாது. அமெரிக்காவில் கறவை மாட்டுத் தீவனத்துக்கு 20 பிபிபி என்றும், ஐரோப்பாவில் கலப்புத் தீவனத்துக்கு 5 பிபிபி என்றும் வரம்பு வைத்திருப்பது இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

எம்1 மாட்டில் நெடுநாள் தங்காது என்பது ஒரு நல்ல செய்தி. கெட்ட தீவனத்தை நிறுத்திய 3 முதல் 5 நாளில் பாலில் அதன் அளவு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆகவே அடர்தீவனம் முழுவதையும் ஒரேயடியாக மாற்றி, ஐந்தாம் நாள் பாலை மறுபடி பரிசோதியுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் வேறு எதிலோ நச்சு இருக்கிறது. பருத்திக்கொட்டையையும் மக்காச்சோள மாவையும் பாருங்கள். தீவனத் தொட்டியின் மூலைகளையும் விடாதீர்கள்: மாவும் மாட்டின் உமிழ்நீரும் சேர்ந்து இறுகிப்போன அடிக்கட்டியைத்தான் யாரும் சுரண்டுவதில்லை.

கேள்வி: பாலைக் காய்ச்சினால் போய்விடுமா? தயிர், நெய் எப்படி?

பதில்: காய்ச்சினாலும் பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது. தயிராக உறைய வைத்தாலும் நம்பும்படி குறையாது. எம்1 பாலின் புரதத்தோடு, குறிப்பாகக் கேசீனோடு, ஒட்டிக்கொள்கிறது. அதனால் பாலாடைக்கட்டி செய்தால் பாலில் இருந்ததைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வரை செறிந்துவிடும். நெய்யிலும் வெண்ணெயிலும் மிகக் குறைவு. ஆனால் வெண்ணெய் கடைந்தபின் மோர் யாருக்குப் போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

கேள்வி: அசைபோடும் மாட்டுக்குப் பூசண நச்சு ஏறாது, வயிற்றிலேயே செரித்துவிடும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் சில நச்சுகளை நன்றாகவே முறிக்கின்றன. சிறுநீரகத்தைத் தாக்கும் ஓக்ராடாக்சினை அவை உடைத்துத் தீங்கற்றதாக்கிவிடும். டான் எனப்படும் டியாக்சிநிவலெனால், பன்றியைத் தீவனத்திலிருந்து ஓடவைக்கும் நச்சு. அதையும் வீரியம் குறைந்த வடிவமாக மாற்றிவிடும். அஃப்ளாடாக்சின் மேல் இந்த வயிற்றின் பாச்சா பலிக்காது. பெரும்பகுதி அப்படியே கல்லீரலுக்குப் போகும். ஜியரலெனோன் என்ற இன்னொரு பூசண நச்சின் விஷயத்தில் மாற்றமே வினையாகிறது: அது வயிற்றில் ஆல்ஃபா-ஜியரலெனால் ஆக மாறும்போது, பெண் ஹார்மோனைப் போல இயங்கும் வீரியம் கூடிவிடுகிறது.

முறிக்கும் அந்தச் சக்தியும் எல்லா மாட்டுக்கும் ஒன்றல்ல. கன்றுக்கு அசையூண் வயிறு வளர்ந்திருக்காது, ஆகவே பாதுகாப்பும் கிடையாது. தானியம் அதிகமாகவும் நார்த்தீவனம் குறைவாகவும் கொடுத்து வயிறு புளித்துப்போன மாட்டில், இந்த வேலையைச் செய்யும் ஒற்றைச் செல் உயிரிகள் குறைந்துவிடும். கன்று ஈன்று முதல் சில வாரங்கள், மாடு தின்பது குறைவாகவும் கறப்பது அதிகமாகவும் இருக்கும் காலம். அப்போது கல்லீரலுக்கு ஏற்கெனவே சுமை அதிகம். மிச்சமிருக்கும் நல்ல தீவனத்தை அந்த மாடுகளுக்கே முதலில் ஒதுக்குங்கள்.

கேள்வி: சினைப்படாத கிடேரிக்கு மடி பெருத்து, பிறப்புறுப்பு வீங்கியிருக்கிறது. பசுக்கள் ஒழுங்கில்லாமல் பருவத்துக்கு வருகின்றன, சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இதுவும் பூசணமா?

பதில்: இருக்கலாம். சினையாகாத கிடேரிக்கு மடி பெருப்பது ஜியரலெனோனின் பழகிய அடையாளம். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மக்காச்சோளத்தில் வயலிலேயே பிடிக்கும். பூக்கும் காலத்தில் மழையும் குளிரும் சேர்ந்தால் அதிகம். கதிர் நுனியில் இளஞ்சிவப்புப் பூசணம் கண்டால் சந்தேகப்படுங்கள். தானியத்தை வடித்து எஞ்சும் உலர் சக்கை வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாவுச்சத்து சாராயமாகப் போய்விடுவதால், தானியத்தில் இருந்த நச்சு சக்கையில் ஏறக்குறைய மூன்று மடங்காகச் செறிந்திருக்கும்.

ஆனால் சினை நிற்காததற்கெல்லாம் பூசணத்தைப் பழிபோட்டுவிட முடியாது. தாது உப்புக் குறைவு, கருப்பைச் சீழ், ஊசி போட்ட நேரம் தவறியது என்று காரணங்கள் பல. ஊசிக்கே போகாத கிடேரிகளில் அடையாளம் தெரிந்து, தீவனத்தை மாற்றிய இரண்டு மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தால், உங்கள் சந்தேகம் சரி.

கேள்வி: நச்சுப்பிணைப்பான் பொடி என்று விற்கிறார்கள். அதைக் கலந்துவிட்டால் கவலையில்லையா?

பதில்: கவலை குறையும், தீராது. ‘எல்லா நச்சையும் கட்டும்’ என்று அட்டையில் இருந்தால் அந்தப் பொடியை வைத்துவிட்டு வாருங்கள். பென்டோனைட் போன்ற களிமண் வகைகளின் அடுக்குகளுக்கிடையே அஃப்ளாடாக்சின் மூலக்கூறு தட்டையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், சாணத்தோடு வெளியேறும். அஃப்ளாடாக்சினுக்கு இது உண்மையாகவே வேலை செய்கிறது. ஜியரலெனோனையும் டானையும், டி-2 என்ற மற்றொரு பூசண நச்சையும் களிமண்ணால் அவ்வளவாகப் பிடிக்க முடியாது. ஜியரலெனோனுக்கு ஈஸ்ட் செல்சுவர்ப் பொருள்கள் ஓரளவு உதவும். டானை முறிக்க நொதி அல்லது நுண்ணுயிர் வகைப் பொருள்கள் வேண்டும். எந்த நச்சு என்று தெரியாமல் வாங்குவது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்.

அளவு பொருளுக்குப் பொருள் மாறும். பென்டோனைட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் உச்ச அளவு முழுத் தீவனத்தில் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 20 கிராம். நடைமுறையில் பலரும் கொடுப்பது அதற்குக் குறைவாகவே. கைப்பிடி அளந்து ஒரு வேளை தூவுவதில் பயனில்லை. நச்சும் களிமண்ணும் ஒரே நேரத்தில் வயிற்றில் சந்திக்க வேண்டும். ஆகவே அடர்தீவனத்தில் சீராகக் கலந்து ஒவ்வொரு வேளையும் போக வேண்டும். பாலில் எம்1 பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். லிட்டருக்கு 1.2 இருந்த பால் 0.6 ஆகும், வரம்பைத் தாண்டியே இருக்கும். அப்படியான தீவனத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மூன்று எச்சரிக்கைகள். மேக்ரோலைடு வகை ஆன்டிபயாட்டிக்கை வாய்வழி கொடுக்கும்போது பென்டோனைட் கூடாது. மருந்தையும் அது கட்டிவிடும். எங்கோ தோண்டிய களிமண்ணை வாங்கிக் கலக்காதீர்கள்; ஈயமும் டையாக்சினும் வரலாம். ஏற்கெனவே கெட்ட கல்லீரலை இந்தப் பொடி சரிசெய்யாது. அதன் வேலை குடலோடு முடிகிறது.

கேள்வி: பசுந்தழையைக் காற்றுப் புகாமல் புளிக்கவைக்கும் சைலேஜ் குழியைத் திறந்தபின் நீலப்பச்சை உருண்டைகள் தெரிகின்றன. எங்கே தப்பு?

பதில்: காற்றில். அது பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி. புளிப்பையும் குறைந்த ஆக்சிஜனையும் தாங்கும் பூஞ்சை. மற்றவை சாகும் இடத்திலும் பிழைக்கும். சிவப்பு உருண்டை கண்டால் மோனாஸ்கஸ். இரண்டுமே காற்று புகுந்ததன் சாட்சி.

நறுக்கும் நாளிலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. உலர்பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்க வேண்டும். நறுக்கிய தழையை ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். சாறு வடிந்தால் ஈரம் அதிகம். உருண்டை உடனே சிதறினால் காய்ந்துவிட்டது. காய்ந்த தழை அமுங்காது, இடையில் காற்று நிற்கும். மெல்ல விரிந்து பிரிந்தால் சரியான பதம். துண்டு 1 முதல் 2 செ.மீ. இருக்கட்டும். 15 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் மிதித்தோ டிராக்டர் ஓட்டியோ இறுக்குங்கள். பெரும்பாலான குழிகளில் கெடுவது நடுப்பகுதி அல்ல, சுவர் ஓரமும் மேல் விளிம்பும். மிதிப்பவர் கால் அங்கே போவதில்லை. தார்ப்பாய்க்கு மேல் பாரம் வைக்கும்போதும் நடுவில் குவித்து ஓரத்தை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது எடுக்கும் வேகம். திறந்த முகப்பிலிருந்து நாளொன்றுக்குக் குளிர்காலத்தில் 15 செ.மீ., வெயில் காலத்தில் 30 செ.மீ. ஆழமாவது வெட்டி எடுத்தாக வேண்டும். இரண்டு மாட்டுக்கு அகலமான குழி வெட்டினால் இது நடக்காது. அவர்களுக்குப் பை சைலேஜ் மேல். பையில் எலி போட்ட ஓட்டையை அன்றைக்கே ஒட்ட வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது. முகப்பில் கைவிட்டால் சூடாக இருந்தால், ஈஸ்ட் அமிலத்தைத் தின்னத் தொடங்கிவிட்டது. பூசணம் பின்னாலேயே வரும்.

உருண்டைகளைச் சுற்றியுள்ள பகுதியோடு சேர்த்து வெட்டி எறியுங்கள். கிளறிக் கலந்துவிடாதீர்கள்.

கேள்வி: பரிசோதனைக்கு ஒரு கைப்பிடி தீவனம் அனுப்பினேன், நச்சு இல்லை என்று வந்தது. ஆனாலும் பாலில் இருக்கிறது.

பதில்: ஆய்வகம் தவறு செய்திருக்க வேண்டியதில்லை; கைப்பிடிதான் தவறு. நச்சு, மூட்டையெங்கும் சமமாகக் கலந்திருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மொத்தமும் குவிந்திருக்கும். பத்து மூட்டை இருந்தால் பத்திலும் குத்தூசி இறக்கி, மேல், நடு, அடி மூன்றிடத்திலும் எடுங்கள். 3 முதல் 5 கிலோ சேரட்டும். முழுவதையும் அரைத்து, நன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து எதிரெதிர்க் காற்பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரை கிலோவாகும் வரை இப்படியே குறைத்து அனுப்புங்கள். அரைக்காமல் பிரித்தால் பிரித்ததற்கே அர்த்தமில்லை. உலர்ந்த தீவனம் காகிதப் பையில் போகட்டும். பிளாஸ்டிக் பையில் வேர்த்து வழியிலேயே பூசணம் வளரும். சைலேஜ் என்றால் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, உறைய வைத்து அனுப்புங்கள்.

புற ஊதா விளக்கில் மஞ்சள்பச்சையாக ஒளிர்வதைப் பார்த்து முடிவு செய்வதும் உண்டு. ஒளிர்வது அஃப்ளாடாக்சின் அல்ல, அதே பூஞ்சை உண்டாக்கும் கோஜிக் அமிலம் சார்ந்த பொருள். சந்தேகப்பட அது போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

கேள்வி: மக்காச்சோளம் சேமிக்கும் பதத்துக்குக் காய்ந்ததா என்று கருவியில்லாமல் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். நன்கு உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு சோளம் போட்டு, வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே. சேமிக்க 13 சதவீதம் வேண்டும் என்பதால், ஒட்டாத பிறகும் ஒரு நாள் காயவிடுவது நல்லது. தோலோடு கூடிய கடலைக்கு 8 சதவீதம்.

வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு மூட்டை கட்டாதீர்கள்; இரவில் குளிர்ந்து உள்ளே வேர்க்கும். மூட்டைகள் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி இருக்கட்டும். அரைத்த தீவனம் முழுத் தானியத்தைவிட வேகமாகக் கெடும் என்பதால், மழைக்காலத்தில் பத்துப் பதினைந்து நாளுக்கு மேல் இருப்பு வேண்டாம். புரோப்பியானிக் அமிலக் கலவை பூசணம் வராமல் தடுக்கும். வந்துவிட்ட நச்சை ஒன்றும் செய்யாது.

கேள்வி: தட்டில் வளர்த்த முளைத் தீவனம் கொடுத்தோம். மாடுகள் நடுங்குகின்றன, ஓட்டினால் பின்னங்கால் மடங்கி விழுகின்றன. காய்ச்சல் இல்லை.

பதில்: உடனே அந்தத் தீவனத்தை நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். முளைவிட்ட தானியத்தில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் கிளாவேட்டஸ் நரம்பைத் தாக்கும். தொடக்கத்தில் மாடு தீனியை விடாது என்பதால் ஏமாந்துபோவோம். முறிமருந்து இல்லை. மாட்டை விரட்டாமல், வழுக்காத தரையில் விடுங்கள். முளை வேரடியில் பூசணம் கண்ட தட்டு முழுவதும் குப்பைக்குத்தான். உடைந்த விதை, நெருக்கிப் போட்ட விதை, கழுவாத தட்டு, தேங்கிய தண்ணீர், இந்த நான்கும்தான் வழக்கமான காரணங்கள்.

கேள்வி: எருமைகளுக்குக் காது நுனியும் வாலும் கறுத்துக் காய்கின்றன, கால் வீங்கிக் குளம்பு கழல்கிறது. வைக்கோல் நனைந்தது.

பதில்: டெக்னாலா நோய் போலத் தெரிகிறது. பூசணம் பிடித்த நெல் வைக்கோலால், பெரும்பாலும் எருமைக்கு, குளிர்காலத்தில் வரும். உடலின் ஓரப் பகுதிகளுக்கு ரத்தம் போவது நின்று அழுகுகிறது. கோமாரியில் வருவதுபோல வாயில் கொப்புளம் இருக்காது. வைக்கோலை நிறுத்துவதே முதல் மருந்து. புண்ணைக் கழுவி ஈ மொய்க்காமல் கட்டுங்கள். செத்துக் கறுத்த பகுதி திரும்ப வராது. சீக்கிரம் நிறுத்தினால் அழுகல் மேலே ஏறாமல் நிற்கும். ரை, கோதுமை போன்றவற்றில் வரும் எர்காட் பூஞ்சையும் இதேபோல் செய்யக்கூடும் என்பதால், தானியத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஏழு மாதச் சினை கலைந்தது. நஞ்சுக்கொடி தோல்போலத் தடித்திருந்தது. பூசணத் தீவனம் காரணமா?

பதில்: தடித்துத் தோல்போன்ற நஞ்சுக்கொடியும், கன்றின் தோலில் வட்டத் தழும்பும் கண்டால் பூஞ்சைக் கருச்சிதைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே வேலை செய்வது நச்சு அல்ல, பூஞ்சையே. அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் வித்துகள் ரத்தத்தின் வழியே நஞ்சுக்கொடியில் போய் வளர்கின்றன. ஆனால் புரூசெல்லா கிருமியும் இதே மாதத்தில்தான் கருவைக் கலைக்கும்; அது மனிதருக்கும் தொற்றும். ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டு, நஞ்சுக்கொடியில் தடித்த இடம் ஒன்றையும், கன்றையும் அல்லது அதன் வயிற்றிலுள்ள நீரையும் பனிக்கட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாயின் ரத்தமும் வேண்டும். மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்து, முடிவு வரும்வரை அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.